அமெரிக்கக் குடியேற்ற விசா: சொற்களைப் புரிந்துகொள்வதும் சான்றிதழ்களைத் திரட்டுவதும்

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் மனுப் போட்டு, அது ஏற்கப்பட்டு, பல ஆண்டுகள் காத்திருந்து, கடைசியில் கோப்பு நகரத் தொடங்கிய நேரத்தில், பிறப்புச் சான்றிதழில் ஒரு கட்டம் காலியாக இருந்ததால் மாதக்கணக்கில் நின்றுபோன விண்ணப்பத்தை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அது என் சித்தியின் விண்ணப்பம். அதன் பிறகு உறவிலும் நட்பிலும் பலருக்கு இந்தக் காகித வேலையில் உதவியிருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் தடுமாறிய இடங்கள் இரண்டுதான். கடிதங்களில் வரும் சொற்களுக்கு என்ன பொருள் என்பது ஒன்று. எந்தச் சான்றிதழை எந்த அலுவலகத்திலிருந்து எந்த வடிவில் வாங்க வேண்டும் என்பது மற்றொன்று. குடும்ப உறவின் அடிப்படையில் அமெரிக்காவில் குடியேற விண்ணப்பிக்கிறவர்களுக்காக இந்த இரண்டையும் இங்கே விளக்குகிறேன்.

கடிதங்களில் வரும் சொற்கள்

மனுவைத் தாக்கல் செய்பவர் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு என்ற நிரந்தரக் குடியிருப்பு அட்டை வைத்திருப்பவராகவோ இருப்பார்; அவர் மனுதாரர். யாருக்காக மனுச் செய்கிறாரோ அவர் பயனாளி. விசா படிவத்தை நிரப்பும் கட்டத்தில் அவரே விண்ணப்பதாரர் ஆகிறார். மனுதாரர் தாக்கல் செய்வது ஐ-130 என்ற படிவம். அது ஏற்கப்பட்டதாகக் கடிதம் வந்ததும் விசாவே கிடைத்துவிட்டது போலப் பலர் மகிழ்ந்துவிடுகிறார்கள். உங்கள் இருவருக்கும் இடையே சட்டம் கேட்கும் உறவு இருப்பதை அரசு ஒப்புக்கொள்கிறது என்பதற்கு மேல் அந்தக் கடிதத்துக்குப் பொருள் கிடையாது. விசா தருவதா வேண்டாமா என்பதைத் தூதரக அதிகாரி பின்னர் தனியாக முடிவு செய்வார்.

குடிமக்களின் கணவன் அல்லது மனைவி, 21 வயது நிரம்பாத மணமாகாத பிள்ளைகள், 21 வயது நிரம்பிய குடிமக்களின் பெற்றோர் ஆகியோர் நெருங்கிய உறவினர் என்ற பிரிவில் வருகிறார்கள். இவர்களுக்கு ஆண்டு உச்சவரம்பு இல்லை. மற்றவர்கள் முன்னுரிமைப் பிரிவுகளில் வரிசையில் நிற்க வேண்டும். குடிமகனின் உடன்பிறந்தவர்களுக்கான எஃப்-4 பிரிவு அவற்றுள் பொதுவாக மிக நீண்ட காத்திருப்பைக் கொண்டது. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஆண்டு ஒதுக்கீட்டில் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்ற விதி இருப்பதால், ஒரே பிரிவிலேயே நாட்டுக்கு நாடு காத்திருக்கும் காலம் மாறுகிறது.

வரிசையில் உங்கள் இடத்தைக் குறிப்பது முன்னுரிமைத் தேதி. மனு தாக்கலான நாளே அது. அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினில் இரண்டு அட்டவணைகள் இருக்கும். இறுதி நடவடிக்கைத் தேதிகள் என்ற அட்டவணையில் உள்ள தேதிக்கு முற்பட்டதாக உங்கள் தேதி இருந்தால் விசா வழங்க இடம் உண்டு. தாக்கல் தேதிகள் என்ற மற்றொரு அட்டவணை, ஆவணங்களைச் சமர்ப்பிக்கத் தொடங்கலாம் என்பதை மட்டுமே குறிக்கிறது. இந்த இரண்டாவது அட்டவணையைப் பார்த்துவிட்டு வேலையை விடுவதும் வீட்டை விற்பதும் பெருந்தவறு என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இரண்டு தேதிகளுக்கும் இடையே ஆண்டுக்கணக்கான இடைவெளி இருக்கக்கூடும். தேதிகள் சில மாதங்களில் பின்னோக்கியும் நகர்வதுண்டு.

இனி, விசா செல்லுபடியாகும் காலத்தையும் தங்கும் காலத்தையும் ஒன்றாக எண்ணிவிடும் குழப்பம். சுற்றுலா விசாவில் பத்து ஆண்டுகள் என்று அச்சிட்டிருந்தால், அந்தப் பத்து ஆண்டுகளுக்குள் விமான நிலையம் போன்ற நுழைவாயிலுக்கு வந்து அனுமதி கேட்கலாம் என்று பொருள். எவ்வளவு நாள் தங்கலாம் என்பதை நுழைவாயிலில் இருக்கும் அதிகாரி முடிவு செய்கிறார். எதுவரை தங்கலாம் என்ற தேதி ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் இருக்கும். அதைத் தாண்டி 180 நாட்களுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால் மூன்று ஆண்டுகளும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்கிவிட்டு வெளியேறினால் பத்து ஆண்டுகளும் மீண்டும் நுழையத் தடை விழும். குடியேற்ற விசா வேறு வகையைச் சேர்ந்தது. அதை வைத்துக்கொண்டு உள்ளே நுழையும்போது குத்தப்படும் முத்திரையோடு, அந்த விசாவே ஓராண்டுக்குத் தற்காலிகக் கிரீன் கார்டாகப் பயன்படும். திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைவடையும் முன் நுழையும் கணவன் மனைவிக்கு இரண்டு ஆண்டு நிபந்தனைக் கிரீன் கார்டு கிடைக்கும். அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் நிபந்தனையை நீக்கக் கோரி விண்ணப்பிக்க வேண்டும்.

ஏற்கப்பட்ட மனு, நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள தேசிய விசா மையத்துக்குப் போகிறது. கட்டணம் செலுத்துவது, குடியேற்ற விசா விண்ணப்பமான டிஎஸ்-260 படிவத்தை நிரப்புவது, மனுதாரரின் ஐ-864 பொருளாதார உத்தரவாதப் படிவத்தையும் குடிமைச் சான்றிதழ்களையும் இணையத்தில் பதிவேற்றுவது எல்லாம் இந்த மையத்தோடுதான். அனைத்தும் சரியாக இருந்தால் ஆவண அளவில் தகுதி பெற்றதாக ஒரு அறிவிப்பு வரும்; அதன் பிறகே நேர்காணலுக்கான வரிசை. வரிசையில் உங்கள் முறை வந்து, விசா கிடைக்கும் நிலையை மையம் அறிவித்த பிறகு ஓராண்டு வரை எந்த நடவடிக்கையும் எடுக்காமல் இருந்தால் பதிவே ரத்தாகலாம் என்பதால், ஒரு சான்றிதழுக்காகக் காத்திருக்கும் காலத்திலும் அவ்வப்போது மையத்தின் இணையக் கணக்கில் நுழைந்து தொடர்பில் இருங்கள்.

எந்தச் சான்றிதழ், எந்த அலுவலகம்

எந்த அலுவலகத்துக்கும் போகும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயண இணையதளத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. அந்த நாட்டில் பிறப்பு, இறப்பு, திருமணம், விவாகரத்து, காவல் துறை ஆகிய சான்றிதழ்களை யார் வழங்க வேண்டும், அவற்றின் வடிவம் என்ன, முத்திரை எப்படி இருக்கும், அது கிடைக்காவிட்டால் மாற்றாக எதை ஏற்பார்கள் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். தூதரக அதிகாரி உங்கள் காகிதத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதும் அந்தப் பக்கத்தோடுதான். நீங்கள் இப்போது வசிக்கும் நாட்டின் பக்கத்தை மட்டும் பார்ப்பது போதாது. பிறந்தது ஒரு நாட்டிலும் மணந்தது வேறொரு நாட்டிலும் என்றால் இரண்டு பக்கங்களையும் பார்க்க வேண்டும். இதைப் படிக்க அரை மணி நேரம் ஆகும். முகவர்களிடம் பணம் கொடுத்துத் தெரிந்துகொள்ளும் விவரங்களில் பாதி இங்கே இலவசமாகக் கிடைக்கிறது.

பிறப்புச் சான்றிதழை மேசையில் விரித்து வைத்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் பாருங்கள். பிறந்தவரின் பெயர் இருக்கிறதா? பிறந்த தேதி, பிறந்த ஊர், தந்தை பெயர், தாய் பெயர் இருக்கின்றனவா? இது அதிகாரபூர்வப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்ட நகல் என்பதைக் காட்டும் வாசகமும் உரிய அதிகாரியின் கையொப்பமும் முத்திரையும் உள்ளனவா? பெற்றோர் பெயர் இல்லாத சுருக்கச் சான்றிதழ்களை வழங்கும் நாடுகள் உண்டு. அவை போதாது, முழு வடிவச் சான்றிதழையே கேட்டு வாங்க வேண்டும். உடன்பிறந்தவர் மனுவில் இதற்கு இன்னும் கூடுதலான முக்கியத்துவம் இருக்கிறது. அண்ணனும் தங்கையும் ஒரே தாய்க்கோ தந்தைக்கோ பிறந்தவர்கள் என்பதை அவர்கள் இருவருடைய பிறப்புச் சான்றிதழ்களும் சேர்ந்துதான் நிரூபிக்கின்றன. ஒன்றில் தாயின் பெயர் ஒரு விதமாகவும் மற்றொன்றில் வேறு விதமாகவும் இருந்தால் கேள்வி எழாமல் இருக்காது.

சித்தியின் சான்றிதழில் தாய், தந்தை, தேதி, ஊர் எல்லாம் சரியாக இருந்தன. பெயர்க் கட்டத்தில் மட்டும் ஒரு சிறிய கோடு. குழந்தைக்குப் பெயர் சூட்டும் முன்பே பிறப்பைப் பதிவு செய்ததால் வந்த வினை அது. பதிவு அலுவலகத்தில் இருந்தவர், நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கி இணைத்தால் போதும் என்றார். நாங்களும் அதை நம்பி அனுப்பினோம், சான்றிதழ் ஏற்கப்படவில்லை என்று பதில் வந்தது. பதிவேட்டிலேயே பெயரைச் சேர்க்க விண்ணப்பித்து, பள்ளி ஆவணங்களைக் காட்டி, புதிய நகல் பெற்ற பிறகே காரியம் நடந்தது. அன்று நான் கற்றுக்கொண்டதையே இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்: பதிவேட்டில் திருத்த முடிகிற பிழையைப் பதிவேட்டிலேயே திருத்துங்கள். பிரமாணப் பத்திரம் நீங்கள் சொல்வதை மட்டுமே காட்டும். பதிவேட்டில் உள்ளதை அதனால் மாற்ற முடியாது.

பதிவே இல்லாதவர்கள் என்ன செய்வது? முதியவர்கள் பலரின் நிலை இதுதான். முதலில், பதிவேட்டை வைத்திருக்கும் அதிகாரியிடம் எழுத்து மூலம் விண்ணப்பித்து, தேடிப் பார்த்ததில் பதிவு இல்லை என்ற சான்றிதழைக் காரணத்தோடு பெற வேண்டும். அதன் பிறகுதான் துணை ஆதாரங்களுக்கு மதிப்பு வருகிறது. ஞானஸ்நானச் சான்றிதழ், தத்தெடுப்பு ஆணை, பிறப்பை நேரில் அறிந்த பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினரின் பிரமாணப் பத்திரம் போன்றவை அவ்வகையைச் சேர்ந்தவை. பிரமாணப் பத்திரத்தில் அதை எழுதுபவர் தமக்கு அந்தப் பிறப்பு எப்படித் தெரியும் என்பதையும், தேதி, இடம், பெற்றோர் இருவரின் பெயர் ஆகியவற்றையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.

திருமணச் சான்றிதழ் விஷயத்தில் சொல்ல அதிகம் இல்லை: சடங்கு நடந்ததற்கான கடிதமோ அழைப்பிதழோ போதாது, அரசுப் பதிவு வேண்டும். முந்தைய திருமணங்கள் இருந்தால் அவை ஒவ்வொன்றும் முடிந்ததற்கான சான்று தேவை. இறுதி விவாகரத்துத் தீர்ப்பாணையாகவோ, இறப்புச் சான்றிதழாகவோ, திருமணம் செல்லாது என்ற ஆணையாகவோ அது இருக்கலாம். மனுதாரரின் முந்தைய திருமணங்களுக்கும் இது பொருந்தும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். படையில் பணியாற்றியவர்கள் அந்தப் பதிவையும், குற்றத் தீர்ப்பு பெற்றவர்கள் தண்டனையைப் பின்னர் அரசு மன்னித்திருந்தாலும் நீதிமன்றப் பதிவையும் தர வேண்டும்.

காவல் துறைச் சான்றிதழில் வயதையும் காலத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 16 வயது நிரம்பிய ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் இது தேவை. குடியுரிமை உள்ள நாட்டிலும், அது வேறாக இருந்தால் இப்போது வசிக்கும் நாட்டிலும், ஆறு மாதங்களுக்கு மேல் வாழ்ந்திருந்தால் அந்த நாடுகளின் சான்றிதழைப் பெற வேண்டும். வேறு எந்த நாட்டிலாவது 16 வயதுக்குப் பிறகு 12 மாதங்களோ அதற்கு மேலோ வாழ்ந்திருந்தால் அதன் சான்றிதழும் வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் வேலைக்காகப் போய்த் திரும்பிய நாட்டை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. கைதானவர்கள் எந்த வயதிலாயினும், எவ்வளவு குறைந்த காலம் தங்கியிருந்தாலும், கைதான இடத்தின் சான்றிதழைத் தர வேண்டும். அமெரிக்காவில் வாழ்ந்தவர்கள் அமெரிக்கக் காவல் துறைச் சான்றிதழ் தரத் தேவையில்லை. இந்தச் சான்றிதழ் வாங்கி இரண்டு ஆண்டுகள் கடந்தும் அதே நாட்டிலேயே வசித்தால் புதிதாக வாங்க நேரும். எனவே, மற்ற எல்லாவற்றையும் திரட்டி முடித்த பிறகு கடைசியில் இதற்கு விண்ணப்பிப்பதே நல்லது.

பெயரும் மொழிபெயர்ப்பும்

தகப்பனார் பெயரை முதலெழுத்தாகப் போடும் நமக்கு இந்தப் பகுதி கொஞ்சம் வேதனை தரும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர், இடப்பட்ட பெயர் என்ற இரண்டு கட்டங்களில் எது எப்படி இருக்கிறதோ அப்படியே படிவத்திலும் எழுத வேண்டும். அழகுக்காக மாற்றி எழுதக் கூடாது. ஒரே பெயர் மட்டும் இருந்தால் அதைக் குடும்பப் பெயராக எழுதி, இடப்பட்ட பெயரின் இடத்தில் எஃப்என்யு (FNU, முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்) என்று குறிப்பது வழக்கம். சான்றிதழ்களில் வேறு எழுத்துக்கூட்டலோ திருமணத்துக்கு முந்தைய பெயரோ இருந்தால், வேறு பெயர்கள் பயன்படுத்தியதுண்டா என்ற கேள்விக்கு ஆம் என்று பதில் தந்து அவை அனைத்தையும் எழுதிவிடுங்கள்.

ஆங்கிலத்திலோ, நேர்காணல் நடக்கும் நாட்டின் ஆட்சி மொழியிலோ இல்லாத ஆவணங்களுக்குச் சான்றிட்ட மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்ப்பாளர், தமக்கு இரண்டு மொழிகளும் தெரியும் என்றும் மொழிபெயர்ப்பு சரியானது என்றும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். முத்திரையில் உள்ள எழுத்துகளையும் ஓரத்தில் கையால் எழுதிய குறிப்புகளையும் சேர்த்தே மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். அப்போஸ்டில் என்ற சர்வதேச முத்திரை வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்குப் பொதுவாக அது கேட்கப்படுவதில்லை, ஆகவே நாட்டுப் பக்கத்தில் கேட்டிருந்தால் அன்றி அதற்காகச் செலவு செய்ய வேண்டாம். பதிவேற்றும்போது ஆவணத்தையும் அதன் மொழிபெயர்ப்பையும் ஒரே கோப்பாக, வண்ணத்தில், பின்பக்கத்தில் எழுத்து இருந்தால் அதையும் சேர்த்து, ஓரங்கள் வெட்டுப்படாமல் ஸ்கேன் செய்யுங்கள்.

நேர்காணல் நாளில்

பதிவேற்றிய ஒவ்வொரு சான்றிதழின் அசலையும் கையோடு கொண்டுபோக வேண்டும். மையம் நகலை ஏற்றுக்கொண்டது என்பதால் அதிகாரி அசலைக் கேட்காமல் விடுவதில்லை. ஏதேனும் ஒரு காகிதம் குறைந்தால் 221(ஜி) என்ற குடியேற்றச் சட்டப் பிரிவைக் குறித்த தாளைத் தருவார்கள். அதைப் பார்த்துக் கண்கலங்கி வெளியே வந்தவர்களை நான் அறிவேன். சட்டப்படி அது மறுப்புதான் என்றாலும், கேட்ட ஆவணத்தை ஓராண்டுக்குள் கொடுத்தால் அதே விண்ணப்பம் தொடரும். அந்தக் காலத்தைத் தவறவிட்டால் புதிதாக விண்ணப்பித்துக் கட்டணமும் மீண்டும் செலுத்த வேண்டிவரும். ஆனால் இல்லாத சான்றிதழை இருப்பதாகக் காட்டிப் பிடிபட்டால், பொய்யான தகவல் தந்ததற்காக விழும் தடைக்குக் காலவரம்பே கிடையாது. தனியாக விலக்குப் பெற்றால் ஒழிய அது விலகாது. பதிவேட்டில் ஏறாத ஒன்றை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

விசா கிடைத்த பிறகும் கோப்பு முடிவதில்லை. முத்திரையிட்ட உறை ஏதேனும் தந்தால் அதைப் பிரிக்காமல் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள்; நுழைவாயில் அதிகாரி மட்டுமே அதைப் பிரிக்க வேண்டும். அசல் சான்றிதழ்களையும் சரக்குப் பெட்டியில் போடாமல் அதே கைப்பையில் வையுங்கள். பின்னாளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதும், நீங்களே ஒருவருக்கு மனுதாரர் ஆகும்போதும் அதே பிறப்புச் சான்றிதழைத்தான் மீண்டும் கேட்பார்கள்.