கிருஷ்ண ஜெயந்தி: சின்னப் பாதமும் வெடிக்காத சீடையும்

முதலில் தேதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தேய்பிறை அஷ்டமியில், ரோகிணி நட்சத்திரத்தில், நடுராத்திரியில் கண்ணன் பிறந்தான். இந்தத் திதியும் நட்சத்திரமும் எல்லா வருஷமும் ஒரே நாளில் சேர்ந்து வருவதில்லை, அதனால்தான் காலண்டரில் கோகுலாஷ்டமி ஒரு தேதியிலும் ஸ்ரீஜெயந்தி வேறொரு தேதியிலும் போட்டிருக்கும். திதி பார்க்கிறவர்கள் முன்னதையும், ரோகிணியைப் பார்க்கிற வைணவர்கள் பின்னதையும் எடுத்துக்கொள்வார்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். சொல்ல யாருமில்லை என்றால், பிள்ளைகள் வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.

அடுத்தது பாதம். பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்து, தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்க்கக் கரைத்துக்கொள்ளுங்கள். கையை முஷ்டியாக மடக்கி, சுண்டுவிரல் பக்கத்தை மாவில் தொட்டுத் தரையில் ஒற்றினால் பாதம் வந்துவிடும், மேலே விரல் நுனியால் ஐந்து புள்ளி வைத்தால் விரல்களும் ஆச்சு. வலது கை வலது பாதம், இடது கை இடது பாதம், கட்டைவிரல் உள்பக்கமாக வர வேண்டும். பலர் வாசலில் ஆரம்பித்துப் போட்டுக்கொண்டே போய்த் தாங்களே மிதித்துவிடுகிறார்கள். பூஜையறையைப் பார்த்து உட்கார்ந்து, அங்கிருந்து பின்னால் நகர்ந்தபடியே வாசல்வரை வாருங்கள், பாதமெல்லாம் தானாகவே உள்ளே பார்த்திருக்கும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இந்த முஷ்டியெல்லாம் வேண்டாம், அதன் காலையே மாவில் நனைத்து ஒற்றுங்கள். அதைவிட அழகு வேறெதுவும் கிடையாது.

இனி சீடை. இதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், பயத்தில் நியாயமும் இருக்கிறது. ஒரு வருஷம் எங்கள் வீட்டு அடுப்பில் வெடித்து, தெறித்த எண்ணெயில் என் முன்கை கொப்பளித்துவிட்டது. இறுக்கி உருட்டிய உருண்டைக்குள் ஈரம் மாட்டிக்கொண்டு, சூட்டில் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் உடைத்துக்கொண்டு வருவதுதான் வெடிப்பு. ஆகவே பதப்படுத்திய அரிசி மாவை, எடுத்துக் கோலம் இழுக்க வருகிற பதத்துக்கு வெறும் வாணலியில் வறுத்து, இரண்டு தடவை சலியுங்கள். ஒரு கப் மாவுக்கு வறுத்து அரைத்த உளுத்தமாவு ஒன்றரை டேபிள்ஸ்பூன், வெண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், எள், தேங்காய்த் துருவல், பெருங்காயம், உப்பு. உப்பைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும், கல் இருக்கக் கூடாது. தேங்காயையும் ஈரம் போக வதக்கிக்கொள்ளுங்கள். உருண்டை மழமழவென்று இருக்கவே கூடாது, சொரசொரப்பாக லேசாக உருட்டி, வெள்ளைத் துணியில் கால் மணி நேரம் உலரவிட்டு, ஒவ்வொன்றிலும் ஊசியால் ஒரு குத்து. மிதமான தீயில் முதலில் நான்கைந்து மட்டும் போட்டுத் தள்ளி நின்று பாருங்கள். ஒன்று வெடித்தாலும் உடனே அடுப்பை அணைத்துவிட்டு, மீதி மாவைத் தட்டையாகத் தட்டுங்கள், வீணாகாது.

சீடை, முறுக்கு எல்லாம் செய்ய முடியவில்லையா? அவல், வெல்லம், வெண்ணெய், தயிர் போதும். கிடைத்தால் நாவல்பழம், விளாம்பழம். ஆனால் சுக்குப்பொடியையும் வெல்லத்தையும் உருட்டிச் சின்ன உருண்டையாகக் கட்டாயம் வையுங்கள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்து அது, தேவகிக்காக வைப்பது.

பூஜையைப் பொழுது சாய்ந்த பிறகு, விளக்கேற்றிச் செய்யுங்கள். முடிந்தால் நடுராத்திரி வரை விழித்திருக்கலாம், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஏழு மணி சரியான நேரம். துளசி சாத்தி, தவழும் கண்ணன் பொம்மையைத் தொட்டிலில் இட்டு, தெரிந்த தாலாட்டைப் பாடி ஆட்டுங்கள். அப்புறம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, கை நிறையச் சீடை அள்ளிக் கொடுங்கள்.

மறுநாள் காலையில் பாதங்களைத் துடைக்க அவசரப்படாதீர்கள். அரிசி மாவுதானே, எறும்புகள் தின்று முடிக்கட்டும்.