சத்தமில்லாத கம்ப்யூட்டர் வேணுமா, இந்த தப்புகளை பண்ணாதீங்க

பெட்டி மேல சைலன்ட்னு போட்டிருக்குன்னு கேபினெட்டை வாங்கிடறாங்க, உள்ள பூரா ஃபோம் ஒட்டியிருக்கும், முன்பக்கம் கெட்டியா மூடியிருக்கும். ஆனா காத்து வர வழியே சரியா இல்லாததால சூடு ஏறும், அதை வெளிய தள்ள ஃபேன் எல்லாம் வெறிபிடிச்ச மாதிரி சுத்தும், கடைசில ஃபோம் அடக்குனதை விட ஃபேன் போடுற சத்தம் ஜாஸ்தியாயிடும். சூடாகுற பார்ட்ஸ் போடுறீங்கன்னா முன்னாடி வலை வச்ச கேபினெட்தான் பெரும்பாலும் அமைதியா இருக்கும்.

எல்லாத்துக்கும் அடிப்படை ஃபேன் வேகம்தான். வேகத்தை பாதியாக்குனா காத்தும் பாதியாகும், ஆனா சத்தம் சுமாரா 15 டெசிபல் இறங்கும், 10 டெசிபல் இறங்குனாலே காதுக்கு பாதி சத்தமாத்தான் தெரியும். அதே மாதிரி இன்னொரு ஃபேனை கூட சேத்தா ஏறுறது வெறும் 3 டெசிபல். அதனால ஒரு ஃபேனை முழு வேகத்துல ஓட்டுறதுக்கு பதிலா பெருசா ரெண்டு, 140 மிமீ ஃபேன் கேபினெட்ல நுழையும்னா அதையே போட்டு மெதுவா சுத்த விடுங்க. அதுக்காக இருக்குற ஓட்டை எல்லாத்துலயும் ஃபேன் மாட்டணும்னு இல்ல.

ஃபேனை வாங்கி மாட்டிட்டு பயாஸ், அதாவது கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்குற செட்டிங்ஸ் மெனு, பக்கமே போகாம விடுறதுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய தப்பு. பிரவுசரை திறந்த உடனே ஃபேன் சத்தம் சர்ர்னு ஏறி ரெண்டு செகண்ட்ல இறங்கும், திரும்ப ஏறும், இதை கேட்டுட்டு கூலர் சரியில்லன்னு அடுத்த கூலர் தேடுவாங்க. பிராசசர் சிப் ரொம்ப சின்னது, ஒரு வேலை வந்ததும் அதோட டெம்பரேச்சர் கண்ணிமைக்கிற நேரத்துல 15, 20 டிகிரி குதிக்கும், மேல இருக்குற ஹீட்சிங்க், அதாவது சூட்டை வாங்கிக்கிற உலோகக் கட்டி, அப்போ இன்னும் சூடாகக்கூட ஆரம்பிச்சிருக்காது, ஃபேன் அதுக்குள்ள ஓடி என்ன பண்ணப்போகுது? பயாஸ்ல எந்த சூட்டுக்கு எவ்வளவு வேகம்னு காட்டுற ஃபேன் கர்வை 60, 65 டிகிரி வரைக்கும் தட்டையா வச்சுட்டு, ஏறி இறங்குற தாமதத்தையும் சில செகண்ட் கூட்டி விடுங்க. ஒரே சீரா வர்ற சத்தத்தை காது மறந்துடும், ஏறி இறங்குறதைத்தான் மறக்காது.

கேம் ஆடுறவங்க பிராசசர் கூலருக்கு காசை கொட்டுவாங்க, ஆனா கத்துறது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டு. அந்த கார்டு எவ்வளவு கரண்ட் இழுக்கலாம்ங்கிற பவர் லிமிட்டை 10, 15 சதவீதம் குறைச்சு பாருங்க, செகண்டுக்கு வர்ற ஃப்ரேம்ல பெருசா இழப்பு இருக்காது, ஃபேன் நல்லாவே அடங்கும். கார்டுலேர்ந்து கீச்சுன்னு ஒரு சத்தம், அதுவும் கேம் மெனுல நூத்துக்கணக்குல ஃப்ரேம் ஓடும்போது மட்டும் வந்தா அது கார்டுல இருக்குற கம்பிச்சுருள் அதிர்றதால வர்ற காயில் சத்தம், ஃபேனை மாத்தி பிரயோஜனமில்ல, ஃப்ரேம் லிமிட் வச்சா குறையும்.

வாட்டர் கூலிங்னா சத்தமே இருக்காதுன்னு யார் கிளப்பி விட்டாங்களோ தெரியல. ரேடியேட்டர்ல ஃபேன் இருக்கு, போதாததுக்கு பம்ப் வேற, சும்மா டைப் அடிச்சிட்டிருக்கும்போதும் அது ஓடிட்டேதான் இருக்கும். சாதாரண வேலைக்கு நல்ல பெரிய ஏர் கூலரே போதும்.

பவர் சப்ளைல 80 பிளஸ் கோல்டுன்னு இருந்தா அது கரண்ட் வீணாகுறதை பத்துன மார்க், சத்தத்துக்கு இல்ல. பவர் சப்ளைகளை சோதிக்கிற சைபெனெடிக்ஸ் நிறுவனம் தர்ற லாம்டா ரேட்டிங்தான் சத்தத்துக்கானது, அதை பாருங்க.

பழைய ஹார்ட் டிஸ்க்கை புது கேபினெட்ல ஸ்க்ரூ போட்டு இறுக்கிடாதீங்க. 7200 ஆர்பிஎம்ன்னா செகண்டுக்கு 120 சுத்து, அந்த அதிர்வு தகரத்துல ஏறி ம்ம்ம்னு ஒரு ரீங்காரமா வரும். பக்கத்து பேனலை கையால அழுத்துனதும் அது நின்னுச்சுன்னா காரணம் அதிர்வுதான், ஃபேன் மேல பழி போட வேண்டாம், டிஸ்க்குக்கு ரப்பர் வச்சு மாட்டுங்க, இல்ல முழுசா எஸ்எஸ்டிக்கு மாறிடுங்க.