காமத்தைப் பற்றிப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

திரைக்கதையில் "இருவரும் நெருங்குகிறார்கள்" என்று ஒரே வரி எழுதிவிட்டு மிச்சத்தை செட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவீர்கள், அங்கேதான் முதல் ஓட்டை விழும். சண்டைக் காட்சியை எழுதுகிற மாதிரி இதையும் எழுதுங்கள்: யார் முதலில் தொடுகிறார், யார் தயங்குகிறார், எந்த இடத்தில் ஒருவருடைய மனசு அறையை விட்டே போய்விடுகிறது. எழுதி முடித்ததும் அந்தக் காட்சியைத் தூக்கிவிட்டு அடுத்ததைப் படித்துப் பாருங்கள். கதையில் எதுவும் குறையவில்லையா? அப்படியானால் அது வேண்டாம்.

உடம்பைக் காட்டினால்தான் துணிச்சல் என்று பலர் நினைக்கிறார்கள். 1989-இல் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருதை வாங்கிய ஸ்டீவன் சோடர்பெர்க்கின் முதல் கதைப்படமான 'செக்ஸ், லைஸ், அண்ட் வீடியோடேப்'பில், பெண்கள் தங்கள் பாலுறவு வாழ்க்கையைப் பற்றி ஒரு வீடியோ கேமரா முன் பேசுகிறார்கள், அவ்வளவுதான். பார்க்கிற நமக்கு அதுவே போதுமான அளவு கூசுகிறது.

ஆபாசப் படத் தொழிலே கதைக்களம் என்றால் அதை வேலையாகக் காட்டுங்கள். காத்திருப்பு, கையெழுத்து, சம்பளம், போட்டி, அடுத்த வாய்ப்பு கிடைக்குமா என்ற பயம். நின்ஜா தைபெர்கின் 'ப்ளெஷர்' (2021) இதைச் சரியாகப் பிடித்தது. துணை வேடங்களில் பெரும்பாலோர் அந்தத் தொழிலிலேயே இருப்பவர்கள், கேமராவும் அடிக்கடி நாயகியின் கண்ணாகிவிடுகிறது. அதில் முரட்டுத்தனமான ஒரு படப்பிடிப்பின் நடுவில் அவள் நிறுத்தச் சொல்கிறாள். உடனே எல்லோரும் அன்பாகத் தேற்றுகிறார்கள், தேற்றியபடியே திரும்பவும் ஆரம்பிக்க வைக்கிறார்கள். என்னைக் கேட்டால் படத்திலேயே கொடூரமான இடம் அந்த இனிப்பான பேச்சுதான். வில்லன் ஒருவரை வைத்திருந்தால் இது கிடைத்திருக்காது.

போர்ன் பார்க்கும் பழக்கம்தான் கதையா? திரையில் என்ன ஓடுகிறது என்று காட்ட வேண்டியதில்லை. முகத்தில் விழும் வெளிச்சம், வெளியே காலடி கேட்டதும் சத்தத்தைக் குறைக்கிற விரல், அடுத்தது, அடுத்தது என்று சலிப்போடு தள்ளிக்கொண்டே போவது, இவை போதும். இணையத்திலிருந்து எதையாவது இறக்கி ஓரமாக ஓடவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். காப்புரிமைச் சிக்கல் ஒரு பக்கம், அதில் இருப்பவர்களின் வயதும் சம்மதமும் உங்களுக்குத் தெரியவே தெரியாது என்பது இன்னொரு பக்கம்.

அப்புறம் செட். 2018-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான ஹெச்பிஓ, ஆபாசப் படத் தொழிலைப் பற்றிய 'தி ட்யூஸ்' தொடரில் இன்டிமசி கோஆர்டினேட்டரை, அதாவது நெருக்கமான காட்சிகளை நடிகர்களின் சம்மதத்தோடு வடிவமைத்துப் பார்த்துக்கொள்பவரை, வைத்தது; அதன் பிறகு தன் மற்ற தொடர்களுக்கும் அதை விரித்தது. அப்படி ஒருவரை வைக்கப் பட்ஜெட் இல்லாவிட்டாலும் அடிப்படைகளைச் செய்தே ஆக வேண்டும். உடம்பில் எது தெரியும், எங்கே தொடலாம், எது போஸ்டருக்கும் ட்ரெய்லருக்கும் போகலாம் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். அசைவுகளை உடையோடு ஒத்திகை பாருங்கள். அன்றைக்குத் தேவையானவர்கள் மட்டும் செட்டில் இருக்கட்டும், மானிட்டரை மற்றவர்கள் பார்க்கிற இடத்தில் வைக்காதீர்கள், கட் சொன்ன நொடியில் அங்கி கைக்கு வர வேண்டும். "இயல்பாக வரட்டும், நீங்களே செய்யுங்கள்" என்று நடிகர்களிடம் சொல்வது இயக்குநர் தன் வேலையைச் செய்யாமல் தப்பிப்பது, வேறொன்றுமில்லை.

எடிட்டிங்கில் காட்சி எங்கே முடிகிறது என்பதுதான் முக்கியம். உச்சத்தில் வெட்டினால் கிளுகிளுப்பு மட்டும் மிஞ்சும். அதற்குப் பிறகு வரும் சங்கடமான சில நொடிகளை, சட்டையைத் தேடுவதை, யாரும் யாரையும் பார்க்காததை விட்டுவையுங்கள். படத்தை லாக் செய்வதற்கு, அதாவது எடிட்டிங்கை இறுதியாக்குவதற்கு, முன் அந்தக் காட்சியை நடித்தவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். தணிக்கைச் சான்றிதழையும் அப்போதே கணக்கில் எடுங்கள். ஸ்டீவ் மெக்வீனின் 'ஷேம்' (2011) அமெரிக்காவில் 17 வயதுக்காரர்களையும் அதற்குக் கீழே உள்ளவர்களையும் அனுமதிக்காத என்சி-17 சான்றிதழ் வாங்கி, வெட்டாமல் அதே சான்றிதழோடுதான் வெளியானது. உங்கள் தயாரிப்பாளர் அதற்குத் தயாரா என்று படப்பிடிப்புக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.