பனிக்குள்ள கல்தூண் மலை: ஃபேன்டசி லேண்ட்ஸ்கேப் பெயிண்ட் பண்றது எப்படி

ஃபேன்டசி லேண்ட்ஸ்கேப்னு சொன்னதும் நிறைய பேர் முதல்ல பிரஷ் பேக் தேடத்தான் போறாங்க, எதுல மேகம் வரும் எதுல இலை வரும்னு. ஒரு ரவுண்ட் பிரஷ், ஒரு லாஸ்ஸோ டூல் (ஷேப்பைச் சுத்தி கோடு போட்டு செலக்ட் பண்றது), இது போதும். கம்ப்யூட்டர்ல வரையற சாஃப்ட்வேர் கிரிட்டா ஃப்ரீயாவே கிடைக்குது, அதுலயே ஆரம்பிக்கலாம். தூரத்தை மட்டும் சரியா பிரிச்சுக் காட்டிட்டா மத்ததெல்லாம் தானா வந்து உக்காரும், அதனால இங்க அதைப் பத்திதான் அதிகம் சொல்லப்போறேன்.

ஒரே ஒரு படத்தை எடுத்துக்கலாம், பனிமூட்டத்துக்குள்ள நிக்கிற ராட்சத கல்தூண்கள், அதுல ஒண்ணு உச்சியில ஒரு கோட்டை. இப்படி ஒரு இடம் நிஜமாவே இருக்கு, சீனாவுல ஹுனான் மாகாணத்துல வூலிங்யுவான், 1992ல யுனெஸ்கோ உலக பாரம்பரிய பட்டியல்ல வந்த இடம், 3000க்கும் மேல மணற்கல் தூண்கள், அதுல நிறைய 200 மீட்டருக்கு மேல. போட்டோவை ஜூம் பண்ணிப் பாருங்க. விரிசல் மேலிருந்து கீழ நேரா ஓடும், குறுக்கால அடுக்கு அடுக்கா கோடு இருக்கும். விரிசல்ல தண்ணி இறங்கி, உறையும்போது விரிஞ்சு, கல்லைப் பிளந்து பிளந்துதான் இவ்வளவு செங்குத்தா நிக்குது, மரமும் உச்சியிலயும் அடுக்கு விளிம்புலயும்தான் வேர் பிடிச்சிருக்கும். இதைப் பாக்காம வரைஞ்சா தூண் எல்லாம் உருளைக்கிழங்கை நிறுத்தி வச்ச மாதிரி ஆயிடும்.

அடுத்து தம்ப்நெயில், அதாவது குட்டி மாதிரிப் படம். ஒரு கேன்வாஸ்ல சின்ன சின்னதா ஆறு பெட்டி போட்டு, ஒவ்வொண்ணுலயும் மூணே மூணு கிரே, கிட்ட இருக்கறது டார்க், நடுவுல மிட், தூரம் லைட். டீடெய்ல் எதுவும் வேண்டாம். கையை நீட்டி வச்சுப் பாத்தாலும் கோட்டை எங்க இருக்குன்னு கண்ணு நேரா அங்க போகணும், அப்படி போற பெட்டியை எடுத்துக்கோங்க. தூண்களை ஒரே அகலம் ஒரே இடைவெளியில வைக்காதீங்க, ஒண்ணு பெருசு, ரெண்டு மூணு மீடியம், மீதி ஒல்லியா இருந்தா போதும்.

இப்ப பெரிய கேன்வாஸ், 3840க்கு 2160 பிக்சல் வச்சா தாராளம். ஒவ்வொரு தூரத்துக்கும் தனி லேயர் (ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கற கண்ணாடித் தாள் மாதிரி), லாஸ்ஸோல ஷேப் வெட்டி ஃபில் பண்ணுங்க. கருப்பு 0, வெள்ளை 100னு வச்சா நான் கிட்டத்துக்கு 20, நடுவுக்கு 45, தூரத்துக்கு 70, வானத்துக்கு 85னு ஆரம்பிப்பேன். தூரத்து லேயருக்குள்ள என்ன டீடெய்ல் போட்டாலும் அந்த 70ஐ விட்டு ரொம்ப நகரக்கூடாது, ஆசைப்பட்டு ஒரே ஒரு கருப்பு கோடு போட்டாலும் அந்த மலை சட்டுனு முன்னாடி வந்துடும்.

பனிதான் எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச கட்டம். 11ம் நூற்றாண்டுல வாழ்ந்த சீன ஓவியர் குவோ ஷி சொன்னது இன்னைக்கும் அப்படியே பொருந்துது: மலையை முழுசா காட்டினா உயரமாத் தெரியாது, இடுப்புல பனியைச் சுத்தி விட்டாத்தான் உயரமாத் தெரியும். ஒவ்வொரு லேயருக்கும் நடுவுல ஒரு பனி லேயர் வைங்க, தூணோட மேல் விளிம்பு கத்தி மாதிரி ஷார்ப்பா இருக்கட்டும், கீழ போகப் போக சாஃப்ட் பிரஷ்ல கரைஞ்சு காணாமப் போகட்டும். சூரியன் இருக்கற பக்கம் பனி கொஞ்சம் பிரகாசமா இருக்கும்.

ஸ்கேல்ல கணக்கு போட்டே ஆகணும். 200 மீட்டர் தூண் உங்க கேன்வாஸ்ல 1000 பிக்சல் உயரம்னா, அது மேல நிக்கிற மனுஷன் எட்டு ஒம்போது பிக்சல்தான், 10 மீட்டர் மரம் 50 பிக்சல். நிறைய பேர் அங்க 150 பிக்சல்ல மரம் வைப்பாங்க, உடனே 200 மீட்டர் மலை தோட்டத்துல கிடக்கற கல்லா சுருங்கிடும். கோட்டைக்கு ஏறுற படிக்கட்டு, நாலஞ்சு பறவைன்னு வச்சா அளவு இன்னும் நல்லா புரியும்.

கலர் கடைசியாதான். கிரே மேல கலர் மோடு லேயர் (கீழ இருக்கற வெளிச்ச அளவை மாத்தாம நிறத்தை மட்டும் ஏத்தறது) போட்டு அடிப்படை டோன் குடுங்க, அது கொஞ்சம் அழுக்காத்தான் தெரியும், அதுக்கு மேல நார்மல் லேயர்ல கலரை பிக் பண்ணி திரும்ப பெயிண்ட் பண்ணணும். காத்து நீல வெளிச்சத்தை அதிகமா சிதறடிக்கும், அதனால தூரத்து நிழல் நீலமாகும். ஆனா தூரத்துல வெயில் படற வெள்ளை மேகமோ பனிச்சிகரமோ லேசா மஞ்சளாதான் தெரியும், அங்கயும் நீலத்தைப் பூசிடாதீங்க. வெயில் படற இடம் வார்ம், நிழல் கூல், கலர் டாட்ஜ் (கீழ இருக்கற கலரைப் பளிச்சுன்னு ஆக்கற மோடு) கோட்டை ஜன்னல்ல ஒரு துளி போதும்.

நடுநடுவுல கிரிட்டால எம் கீ அழுத்தி படத்தை கண்ணாடி மாதிரி திருப்பிப் பாருங்க, ஒரு பக்கம் சாஞ்சிருந்தா உடனே தெரிஞ்சிடும். எல்லா லேயருக்கும் மேல கருப்பு ஃபில் பண்ணின லேயர் ஒண்ணை கலர் மோடுல வச்சு ஆன் பண்ணா படம் கிரேவா தெரியும், டார்க் லைட் சரியா இருக்கான்னு செக் பண்ணிக்கலாம்.

இதை கான்செப்ட் ஆர்ட்டா (கேம், சினிமாவுக்கு முன்கூட்டியே வரையற படம்) குடுக்கறீங்கன்னா, அதை வச்சு இன்னொருத்தர் 3டி மாடல் பண்ணணும்ங்கறதால படிக்கட்டு பாறையில எப்படி ஒட்டுது, பாலம் எதுல தொங்குதுன்னு ஓரமா ரெண்டு மூணு சின்ன லைன் ஸ்கெட்ச் சேர்த்துடுங்க. லேயர்களையும் மெர்ஜ் பண்ணாம பிஎஸ்டியாவே (லேயர் தனித்தனியா இருக்கற ஃபோட்டோஷாப் ஃபைல்) குடுங்க, கோட்டையை இடது பக்கம் நகர்த்துங்கன்னு ஆர்ட் டைரக்டர் கேட்டா அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடலாம்.