இலக்கியத்தில் நீரைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலக்கியத்தில் நீர் வந்தாலே தாய்மை, தூய்மை, வாழ்வு என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த நீர் யார் கையில் இருந்தது, அதற்காக யார் இடம்விட்டுப் போனார்கள் என்று கேட்பதே இல்லை.

ஒரு வரியை மட்டும் பாட்டிலிருந்து பிய்த்தெடுப்பது முதல் தவறு. 'உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத்தோரே' என்பதை அன்னதானத்துக்கு மேற்கோளாக்கிவிட்டோம். புறநானூற்றின் 18ஆம் பாட்டில் குடபுலவியனார் அதைப் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் சொல்கிறார். மறுமைச் செல்வம் வேண்டுமா, மற்ற அரசர்களை வென்று நீ ஒருவனே ஆள வேண்டுமா, புகழ் நிலைக்க வேண்டுமா, பள்ளம் கண்ட இடத்தில் நீரைத் தேக்கு என்கிறார். அரசாள்வதற்கான அறிவுரை அது.

இதைவிடப் பெரிய தவறு பட்டினப்பாலையில் நடக்கிறது. கரிகாலனைப் புகழ 'காடுகொன்று நாடாக்கி, குளந்தொட்டு வளம்பெருக்கி' என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். தயவுசெய்து இரண்டு அடி மேலே போய்ப் பாருங்கள்: 'புன்பொதுவர் வழிபொன்ற, இருங்கோவேள் மருங்குசாய'. பொதுவர் முல்லை நிலத்து ஆயர். அவர்கள் வழிமரபு அழிகிறது, இருங்கோவேள் என்ற குறுநிலத் தலைவனின் சுற்றம் சாய்கிறது. காடு அழிவதும் குளம் வெட்டுவதும் அதற்குப் பிறகே வருகின்றன. பட்டினப்பாலையைப் பாடிய உருத்திரங்கண்ணனார் இதையெல்லாம் வெற்றியாகத்தான் பாடினார். அவரை இன்றைய போராளியாக்குவதும் பிழை. ஆனால் அவரே ஒளிக்காமல் வைத்த வரிசையை நாம் பாதியில் வெட்டுவது என்ன நியாயம்?

சிலப்பதிகாரத்தில் வைகை பூவாடை போர்த்திக் கண்ணீரை மறைப்பதை வெறும் வருணனையாகக் கடந்துவிட வேண்டாம். கரையில் நிற்கும் கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டு வந்தவர்கள்.

அணை பற்றிய நாவல்களில் ஊர் மூழ்குவதை விதி என்றோ இயற்கையின் சீற்றம் என்றோ எழுதுவது அடுத்த தவறு. வைகை அணை 1959இல் திறக்கப்பட்டது. அதனால் நிலமிழந்தவர்களின் கதைதான் வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' நாவல். மழைவெள்ளம் வடிந்தால் சேற்றை வழித்துவிட்டு வீட்டுக்குள் போகலாம். அணைநீரோ அரசு முடிவெடுத்துத் தேக்கியது. கோடையில் வற்றி அஸ்திவாரம் வெளியே தெரிந்தாலும் திரும்பிப் போக அங்கே ஊர் இல்லை. அதற்காக அணையை வெறும் கொடியவனாக்கினாலும் வாசிப்பு கெடும். அங்கே தேங்கும் நீர்தான் மதுரைப் பக்கத்து வயல்களுக்கும் பாய்கிறது. அந்த வயல்காரரும் உழவர்தான்.