செய்திக்கும் அரசாணைக்கும் நடுவே நாம் தவறவிடுபவை

பக்கத்து ஒன்றியத்தில் ஓடையின் குறுக்கே பாலம் கட்ட நிதி ஒதுக்கிவிட்டார்கள் என்று ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் செய்தி வந்தது. மூல ஆவணத்தைத் தேடிப் போனேன். கையில் சிக்கியது ஒரு செய்தி வெளியீடு. அதில் இருந்த வினைச்சொல் 'கட்டப்படும்'. எந்தத் திட்டத்தில், எந்த நிதியாண்டில் என்று ஒரு வரிகூட இல்லை. நான் அதையே ஆதாரமாக இணைத்து, 'அரசாணை வந்துவிட்டது' என்று ஊர்க்காரர்களுக்கு அனுப்பிவிட்டேன். அடுத்த மழைக்கும் முழங்கால் தண்ணீரில் ஓடையைக் கடந்தவர்கள் என்னிடம்தான் வந்து கேட்டார்கள்.

செய்தியை அரசு ஆவணத்தோடு இணைப்பவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான். ஏதோ ஒரு அரசுத் தாள் கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுகிறோம். அந்தத் தாள் வேலையின் எந்தக் கட்டத்தைச் சொல்கிறது என்று பார்ப்பதில்லை. சட்டமன்றத்தில் விதி 110-ன் கீழ் முதல்வர் சொல்வது அறிவிப்பு. அதன் மீது விவாதம் கிடையாது. மானியக் கோரிக்கையின்போது, அதாவது தங்கள் துறைக்கான நிதிக்குச் சட்டமன்றத்தின் ஒப்புதல் கேட்கும்போது, அமைச்சர்கள் சொல்வதும் அறிவிப்புதான். அதற்கப்புறம் துறை அரசாணை வெளியிட்டு நிர்வாக அனுமதி தர வேண்டும், நிதி ஒப்பளிப்பு (பணத்துக்கான ஒப்புதல்) வர வேண்டும், ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) கோர வேண்டும், பணி ஆணை தர வேண்டும். செய்தியில் இத்தனைக்கும் 'ஒதுக்கீடு' என்ற ஒரே சொல்தான். ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு வந்திருக்கிறதா என்று அரசின் மின் ஒப்பந்தப்புள்ளித் தளத்தில் பார்த்தாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

அரசாணை கையில் கிடைத்தால் அவசரப்படாமல் மேலிருந்து கீழே படியுங்கள். தலைப்பில் 'சுருக்கம்' இருக்கும். அடுத்து துறையின் பெயர், எண், நாள். அதற்குக் கீழே 'படிக்க' என்று ஒரு சிறு பட்டியல். பெரும்பாலோர் தாண்டிப் போகும் இடம் அது. எனக்கோ அரசாணையிலேயே பிடித்த பகுதி. இந்த ஆணை எந்தப் பழைய ஆணையிலிருந்து, எந்த அதிகாரியின் கடிதத்திலிருந்து வந்தது என்று அங்கேதான் எழுதியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் பல சமயம் ஒரு திட்டத்தின் முழு வரலாறும் கிடைக்கும். பிறகு 'ஆணை' என்று தொடங்கும் பத்திகள். அறிவிப்பில் சொன்ன தொகையும் இங்கே இருக்கும் தொகையும் ஒன்றா, மொத்தமும் இந்த ஆண்டுக்கா அல்லது முதல் தவணை மட்டுமா என்பதெல்லாம் கடைசிப் பத்திகளில் இருக்கும். சுருக்கத்தை மட்டும் படித்தவருக்கு இது தெரியாமலே போய்விடும்.

எண்ணை மட்டும் குறித்துக்கொள்வதும் பெரிய தவறு. அரசாணை எண் துறைக்குத் துறை தனி. ஆண்டு பிறந்தால் மறுபடி ஒன்றிலிருந்து ஓடும். அதனால் 'அரசாணை எண் 45' என்று மட்டும் எழுதினால் அது எதையும் சுட்டாது. நிலை, வாலாயம் என்று ஆணையில் குறிக்கப்படும் வகையும், துறையும், நாளும் சேர்ந்தால்தான் இன்னொருவர் அதே தாளைத் தேடி எடுக்க முடியும்.

ஆணை கிடைத்துவிட்டது, சரி. அது இன்னும் உயிரோடு இருக்கிறதா? 2020 ஜூனில் தமிழ்நாட்டின் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றும் அரசாணை வெளியானது. ஊரெல்லாம் அதே பேச்சு. சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பும் வந்தது. முதல் செய்தியையும் அந்த அரசாணையையும் மட்டும் இணைத்து வைத்தவருக்கு ஆவணம் உண்மையானதுதான். ஆனால் படிப்பவருக்குப் போய்ச் சேரும் தகவல் தவறு. திருத்தம், ரத்து, தடை ஆணை இந்த மூன்றையும் தேடிப் பார்க்காமல் ஆவணத்தை இணைக்கக்கூடாது.

நிலம் எடுக்கும் செய்திகளில் இந்தக் கவனக்குறைவு மனிதர்களைச் சுடுகிறது. தேசிய நெடுஞ்சாலைக்காகப் பிரிவு '3ஏ' அறிவிக்கை வந்ததும் 'நிலம் எடுக்கப்பட்டது' என்று செய்தி எழுதிவிடுகிறார்கள். 1956-ம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி அது அரசின் எண்ணத்தைச் சொல்லும் அறிவிக்கை. அது வெளியான நாளிலிருந்து 21 நாட்களுக்குள் ஆட்சேபம் தரலாம். பிரிவு '3டி'-ன் அறிவிக்கை வந்த பிறகுதான் நிலம் மத்திய அரசுக்குப் போகிறது. 2013-ம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி எடுத்தால் நடைமுறை வேறு: பிரிவு 11-ன் முதல்நிலை அறிவிக்கைக்குப் பின் ஆட்சேபிக்க 60 நாட்கள், அதற்கப்புறம் பிரிவு 19-ன் விளம்புகை, அதாவது நிலம் தேவை என்ற அரசின் உறுதியான அறிவிப்பு. 'எல்லாம் முடிந்துவிட்டது' என்று செய்தியைப் படித்து ஒரு விவசாயி வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டால் போவது அவருடைய 21 நாட்கள். ஆகவே எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, அறிவிக்கை வெளியான நாள் எது, இந்த மூன்றையும் செய்தியோடு சேர்த்தே போடுங்கள். சர்வே எண்களின் பட்டியலும் அந்த அறிவிக்கையிலேயே இருக்கும்.

தேதிக் குழப்பம் மழைக் கணக்கிலும் உண்டு. வானிலைத் துறை ஒரு நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்ததைக் கூட்டி மறுநாள் தேதியில் வெளியிடுகிறது. ஐந்தாம் தேதிப் பட்டியலில் இருப்பது பெரும்பாலும் நான்காம் தேதி மழை. செய்தியில் உள்ள நாளையும் பட்டியலில் உள்ள நாளையும் அப்படியே பொருத்தினால் இரண்டில் ஒன்று பொய் சொல்வதாகத் தோன்றும். இரண்டும் சரியாகவே இருக்கலாம்.

நீதிமன்றச் செய்தியென்றால் விசாரணையின்போது நீதிபதி வாய்மொழியாகச் சொன்னதையும் கையெழுத்திட்ட உத்தரவையும் பிரித்துப் பாருங்கள். காரசாரமான வாக்கியம் தலைப்பாகிவிடும்; உத்தரவில் 'நான்கு வாரங்களுக்குள் பதிலளிக்க வேண்டும்' என்று மட்டும் இருக்கும்.

தேடும் வழியிலும் தவறுகள் உண்டு. பழைய அரசாணைகள் பல வெறும் படங்களாக ஏற்றப்பட்டவை. சில யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் உள்ளவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், நகலெடுத்து ஒட்டினால் புரியாத குறியீடுகளாக வரும். அதனால் தமிழில் தேடி எதுவும் வரவில்லை என்றால் ஆணையே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். துறையின் பக்கத்துக்குப் போய் ஆண்டு வாரியாகப் புரட்டுங்கள். கிடைத்ததும் கோப்பைப் பதிவிறக்கி வையுங்கள். அரசுத் தளங்கள் புதுப்பிக்கப்படும்போது பழைய சுட்டிகள் செத்துப்போகின்றன. தளத்தின் முகப்புப் பக்கத்தைச் சுட்டிவிட்டு 'ஆதாரம்' என்று எழுதுவது படிப்பவரை நடுவழியில் இறக்கிவிடுவதுபோல.

எங்கும் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாட்கள். இங்கேயும் 'பாலம் ஏன் கட்டவில்லை?' என்று கேட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள். அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத்தான் அவர்கள் தர வேண்டும். காரணம் விளக்க வேண்டிய கடமை இல்லை. நான் இப்போது இப்படி எழுதுகிறேன்: 'மேற்படி பணிக்கு வழங்கப்பட்ட நிர்வாக அனுமதி ஆணை, நிதி ஒப்பளிப்பு ஆணை, பணி ஆணை ஆகியவற்றின் நகல்களை வழங்கவும்.' மூன்றில் எது வரவில்லையோ, பாலம் அந்த இடத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறது.