வாலைப் பார்த்து அட்ஜெக்டிவ் பிடிக்காதீர்கள்

"சார், ஐ ஆம் வெரி போரிங்." மதுரை செல்லூரில் என்னிடம் ஆங்கில டியூஷன் படிக்கும் பத்தாம் வகுப்புப் பையன், கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னது. தனக்கு போர் அடிக்கிறது என்று சொல்ல வந்தவன், தான் ஒரு அறுவை என்று சொல்லிவிட்டான். அலுப்பைத் தருவது போரிங், அலுத்துப்போனவர் போர்ட். பாடம் இன்ட்ரஸ்டிங், படிப்பவன் இன்ட்ரஸ்டட்.

ஒரு சொல்லின் வால், அதாவது கடைசிப் பகுதி, 'லி' என்று முடிந்தாலே அட்வெர்ப் (செயல் எப்படி நடந்தது என்று சொல்லும் வினையடை) என்று கோடு போடுவது இன்னொரு தவறு. ஃப்ரெண்ட்லி, காஸ்ட்லி இரண்டும் அட்ஜெக்டிவ் (ஆள், பொருள் எப்படிப்பட்டது என்று சொல்லும் பெயரடை). பெயர்ச்சொல்லோடு லி ஒட்டினால் பெரும்பாலும் இப்படித்தான். ஃபாஸ்ட் என்ற சொல்லுக்கு அட்வெர்பாக வந்தாலும் வாலே கிடையாது, ஃபாஸ்ட்லி என்று எழுதாதீர்கள். வேலைக்கான விண்ணப்பத்தில் 'ஐ வொர்க் ஹார்ட்லி' என்று எழுதினால், நான் வேலையே பார்ப்பதில்லை என்றுதான் படிப்பார்கள்.

இதைவிடப் பெரிய பள்ளம் நம் தமிழிலேயே இருக்கிறது. 'ஆன' வந்தால் அட்ஜெக்டிவ், 'ஆக' வந்தால் அட்வெர்ப். அழகான பாட்டு பியூட்டிஃபுல், அழகாகப் பாடினாள் பியூட்டிஃபுலி. நானும் அப்படித்தான் ஆரம்பிக்கிறேன். ஆனால் 'இரு' வந்ததும் சூத்திரம் கவிழ்ந்துவிடும். 'தெற்குக் கோபுரம் உயரமாக இருக்கிறது.' தமிழில் 'ஆக', ஆங்கிலத்திலோ வெறும் டால். உயரம் கோபுரத்தைச் சொல்கிறதே தவிர, இருப்பதை அல்ல.

இதே குழப்பம்தான் 'மல்லி நல்லா மணக்குது' என்பதிலும். 'த ஜாஸ்மின் ஸ்மெல்ஸ் ஸ்வீட்லி' என்று எழுதிவிடுகிறார்கள். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியே ஆனாலும் ஸ்வீட் என்றுதான் மணக்கும். ஸ்மெல்ஸை எடுத்துவிட்டு 'இஸ்' போட்டுப் பாருங்கள். 'த ஜாஸ்மின் இஸ் ஸ்வீட்', வாக்கியம் நிற்கிறது. அப்படி நின்றால் அங்கே அட்ஜெக்டிவ்தான் வேண்டும். லுக், ஃபீல், டேஸ்ட், சவுண்ட் எல்லாவற்றுக்கும் இதே சோதனை. ஆனால் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு அம்மா மொட்டைக் கையில் எடுத்து மூக்கருகே வைத்துக் கவனமாக முகர்ந்தால், அது அவர் செய்யும் காரியம். அங்கே கேர்ஃபுலி.

அட்ஜெக்டிவ்வும் பெயரும் இடம் மாறுவதும் உண்டு. 'ஹி இஸ் வெரி சக்ஸஸ்' தவறு, சக்ஸஸ்ஃபுல் வேண்டும். இது மனப்பாடம்தான், குறுக்கு வழி இல்லை.

ஒரு இடத்தில் தமிழ் தவறாமல் கைகொடுக்கும். 'டென் ருபீஸ் நோட்' என்று எழுதுபவர்கள் கடைக்காரரிடம் 'பத்து ரூபாய்கள் நோட்டு' என்று கேட்பதில்லையே. ஆங்கிலத்திலும் டென் ருபீ நோட்தான்.